விருந்தறைக் கூரையில் இரண்டு தண்டவாளம்

பிப்ரவரி 11, 2019. திங்கள்

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி இல்லை. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தேன். 2017-ல் ஊர் திரும்பியதிலிருந்து இந்த வேலையை ஒரு நாள்கூடத் தவறாமல் செய்கிறேன். தல் ரிஹான் ஸ்டேஷனின் பாதை மேஸ்திரி முத்லக் என்றால் சும்மாவா.

நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நோட்டு, ஸ்டேஷனின் வண்டிப் பதிவேடு. வண்டி எண், வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதம் என்று நான்கு கட்டம் போட்ட தாள். 2014 ஜூன் ஒன்பதில் தாயிஷ், அதாவது ஐ.எஸ். படை வந்ததற்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி. நல்ல தாளை வீணாக்குவது பாவம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை, ஸ்டேஷனுக்குக் கூரையும் இல்லை.

மதியம் பாக்தாத்திலிருந்து மகள் ரஃபல் பேசினாள். ஐந்து வருடமாகப் போகிறது அவள் இங்கே வந்து. வழியில் பதினொரு சோதனைச் சாவடி. மருமகன் அய்ஹமுக்குப் பயம். "ரயில் விட்டா மறுநாளே வந்துடறோம் மாமா" என்கிறான். விடமாட்டார்கள் என்கிற தைரியம் அவனுக்கு.

புதிய விருந்தறையைப் படம் எடுத்து அனுப்பினேன். "இவ்ளோ நீளமாப்பா!" என்றாள். ஆமாம், கொஞ்சம் நீளம்தான்.

பிப்ரவரி 19, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தாகிவிட்டது! என்ஜினியர் ஷைமா. முப்பது வயதுதான் இருக்கும். மஞ்சள் தொப்பி, தூசி படிந்த பூட்ஸ், கையில் அளவு நாடா. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே "தண்டவாளமெல்லாம் எங்க போச்சு, மாமா?"

"தாயிஷ்காரங்க பேத்துட்டாங்கம்மா. பதுங்குகுழிக்கு மேல போட்டாங்க, ரோட்ட மறிச்சுப் போட்டாங்க. அப்புறம் மண்ணுக்குள்ள போயிருக்கும்."

"மண்ணுக்குள்ள போகல. வீட்டுக்குள்ள போயிருக்கு. வர்ற வழியில வாய்க்கா மேல ஒரு பாலம் பாத்தேன். நாலும் நம்ம தண்டவாளம்."

அது ஷிஹாபின் பாலம். முன்னாள் சிக்னல்காரன், இப்போது ஆட்டு வியாபாரி. எனக்குப் பால்ய சிநேகிதன், அதாவது எதிரி.

ஷைமா சொன்னதன் சுருக்கம்: பிரதான பாதைக்குப் புதுத் தண்டவாளம் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் வண்டி ஒதுங்கி நிற்க ஸ்டேஷனுக்குள் இரண்டாவது பாதை வேண்டும். அதற்குக் கொடுக்கப் புதியது இல்லை. பழைய தண்டவாளம் ஐம்பது வேண்டும். ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர், வெட்டாதது. நோன்பு தொடங்குவதற்குள். அதற்குமேல் அவள் ஆட்கள் வடக்கே நகர்ந்துவிடுவார்கள்.

"கிடைக்கலேன்னா?"

"வண்டி ஓடும். இங்க நிக்காது. கை காட்டிட்டுப் போகும்."

அடுத்த ஸ்டேஷன் முப்பத்தோரு கிலோமீட்டர். நடுவில் மூன்று சாவடி. அங்கே இறங்கி ரஃபல் வந்தாற்போலத்தான்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஐம்பதையும் நான் கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு ஒரு பிரேக் கிடையாது.

பிப்ரவரி 20, புதன்

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

அந்த ஐம்பதில் இரண்டு என் விருந்தறைக் கூரையில் இருக்கின்றன.

2017-ல் ஊருக்கு முதலில் திரும்பியவன் நான். பாதை நெடுக வயல் முழுக்கத் தண்டவாளம், சோளத்தட்டை மாதிரி சிதறிக் கிடந்தது. என் வீட்டில் பாதி இல்லை. மனைவி சாஹிராவின் அண்ணன் தம்பிகள் பதினாறு பேரைக் கூட்டிவந்தார்கள். நல்லதாக இரண்டைப் பொறுக்கித் தூக்கிவந்து, நீளவாக்கில் தூண்கள்மேல் வைத்து, இடையில் செங்கல் வளைவு கட்டி, கீழே ஜிப்சம் பூசி மறைத்தாயிற்று. மற்ற ஊர்க்காரர்கள் திரும்பியபோது பூச்சே காய்ந்துவிட்டது.

கொத்தனார் சொன்னார்: "ஒன்பது மீட்டருக்கு அறுத்துக்கலாம், ஒரு அறைக்கு அது போதும்." வெளியாள் எவனும் அறுத்திருப்பான். முப்பத்தாறு வருடம் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்த கை என் கை. அதை அறுக்கக் கை வரவில்லை. தண்டவாளத்துக்கு ஏற்றபடி அறையை நீட்டினேன். பன்னிரண்டு மீட்டர், ஒரு விரல் கூடக் குறைய இல்லை.

திருடவில்லை. பத்திரப்படுத்தினேன். மற்றவர்கள்தான் திருடினார்கள்.

இதைச் சாஹிராவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கூரையை ஒருமுறை பார்த்தாள்.

மார்ச் 1, வெள்ளி

நான் ஒரு மேதை.

மிரட்டினால் யாரும் தரமாட்டார்கள். கெஞ்சினாலும் தரமாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி, காபிக் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால்? கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுத்தாக வேண்டும். அவன் காபி ஆறிப்போய் விருந்தாளி எழுந்து போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு. பெண் கேட்கவும், கொலைப் பகை தீர்க்கவும் பெரியவர்கள் செய்கிற காரியம் இது. தண்டவாளத்துக்கு இதுவரை யாரும் செய்ததில்லை.

முதல் வீடு ரொட்டிக்கடை ஹம்தான். ஆட்டுப்பட்டிக்கு ஆறு தண்டவாளம் வேலி போட்டிருக்கிறான். காபி ஊற்றினான். நான் வாங்கினேன். மோந்து பார்த்தேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. மெதுவாகக் கம்பளத்தின்மேல் வைத்தேன்.

ஹம்தான் முகம் வெளுத்தது. "என்ன மாமா இது? பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க? எனக்குப் பொண்ணே இல்லயே!"

"உன் ஆட்டுங்கள சுத்தி இருக்கற ஆறு தண்டவாளமும் வேணும்."

"அடப்பாவி மனுஷா" என்றான். பிறகு, "குடிங்க" என்றான்.

குடித்தேன். ஆறு.

மார்ச் 9, சனி

இருபத்தேழு. இரண்டு நாளாகக் காபி குடித்துக் குடித்துத் தூக்கம் போய்விட்டது. ஷைமா கணக்கைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "எப்படி மாமா?" "அனுபவம்மா" என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

சதி. ஊரே சேர்ந்து செய்த சதி.

இன்று நாலு வீடு போனேன். நாலிலும் டீ. கண்ணாடிக் குவளையில், அடியில் அரை அங்குலம் சர்க்கரையோடு. டீக்கு அந்த மரியாதை கிடையாது, அதைக் குடிக்காமல் வைத்தால் "சர்க்கரை வியாதியா மாமா?" என்று கேட்பார்கள். கேட்டார்கள்.

"காபி இல்லயா?" என்றேன் கடைசி வீட்டில்.

"ஊர்ல காபியே தீந்து போச்சாம். நீங்க கேள்விப்படலயா?"

பின்கட்டில் யாரோ காபிக் கொட்டை இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் வெளியே வந்ததும் சிரிக்கிற சத்தமும் கேட்டது. இதற்கெல்லாம் யார் மூளை என்று எனக்குத் தெரியாதா? வாய்க்கால் பாலத்தின்மேல் ஷிஹாப் நின்றுகொண்டு, சிக்னல் மரம் மாதிரி கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினான். வண்டி நில்!

மார்ச் 22, வெள்ளி

உம் காஸிம் வீட்டுக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். என்னை அபூ ரஃபல், ரஃபலின் அப்பா, என்பதுபோல அவள் உம் காஸிம், காஸிமின் அம்மா. விதவை. மகன் காஸிம் செத்தது சண்டையில் ஆற்றுப் பாலம் இடிந்த அன்று. அவள் வீட்டில் மூன்று தண்டவாளம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிக்கொண்டு.

தெருவில் என்னைப் பார்த்து அவளே கூப்பிட்டாள். "எல்லா வீட்டுக்கும் போனியாமே. எங்க வீடு மட்டும் என்ன, வீடு இல்லயா?"

உள்ளே கூட்டிப்போய்க் காபியே ஊற்றினாள். நான் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கை வரவில்லை. அவளே கேட்டாள்: "வண்டி நிஜமாவே இங்க நிக்குமா? நின்னா நான் மோசூல் ஆஸ்பத்திரிக்கு ஒத்தையாப் போய்ட்டு வந்துடுவேன். யாரையும் கெஞ்ச வேணாம்."

"ஐம்பது கெடச்சா நிக்கும்."

"அப்ப எடுத்துட்டுப் போ. தொட்டியத் தரையில வெச்சுக்கறேன். குனிஞ்சு மொண்டா இடுப்பு ஒடிஞ்சா போயிடும்?"

எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து விருந்தறையில் உட்காரவில்லை. வாசலில் உட்கார்ந்தேன்.

"உள்ள வாங்களேன், அபூ ரஃபல். கூரை நல்லா பலமாத்தான இருக்கு" என்றாள் சாஹிரா.

ஏப்ரல் 12, வெள்ளி

நாற்பத்து நாலில் மூன்று வாரமாக நிற்கிறது. மீதி ஆறில் நாலு ஷிஹாபின் பாலம். கேட்டால் "ஆடுங்க எல்லாம் நீந்துமா?" என்கிறான்.

புதனன்று ஷிஹாபின் தாய்மாமன் காலமானார். தொண்ணூற்று மூன்று வயது. நல்ல மனிதர், சாவும் நல்ல சாவு. துக்கக் கூடாரத்துக்குப் போனேன், ஃபாத்திஹா ஓதினேன், உட்கார்ந்தேன். துக்க வீட்டில் டீ மட்டும் கொடுத்துச் சமாளிக்க முடியாது. கசப்புக் காபி கொடுத்தே ஆக வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை.

யோசித்துத்தான் போனேன்.

ஷிஹாபே கையால் ஊற்றினான். கிண்ணத்தை வாங்கினேன். கீழே வைத்தேன்.

கூடாரத்தில் எழுபது பேர்.  ஷிஹாபின் கண்ணில் முதலில் தெரிந்தது கோபம். பிறகு ஏதோ யோசனை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நாலும் உன்னுது. குடி" என்றான்.

குடித்தேன். இப்படி ஒரு கசப்பை நான் குடித்ததில்லை. நாற்பத்தெட்டு.

ஏப்ரல் 13, சனி

சாஹிரா இன்று பேசியது ஒரே ஒரு வரி: "சாவு வீட்டுல போயா?"

ஏப்ரல் 20, சனி

நாற்பத்தெட்டையும் ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போகும். நாற்பத்தெட்டும் மணி மாதிரிப் பேசின. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் இன்னொருமுறை தட்டினேன்.

ஷைமா பக்கத்தில் வந்து நின்றாள். "ரெண்டுதான மாமா?"

"ஆத்துல தேடணும். பாலத்துக்கிட்ட விழுந்திருக்கும்."

"ஆத்துல தேடியாச்சு."

"அப்ப கெணத்துல."

"பன்னிரண்டு மீட்டரு, கெணத்துலயா?"

"எங்க வீட்டுல மட்டும் தேடாதம்மா, அங்க இருக்க வாய்ப்பே இல்ல" என்று சொல்லி நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

ரெண்டே ரெண்டு. பக்கத்து ஊர்களிலும் கேட்டாயிற்று. எல்லாம் அறுத்தது, வளைந்தது. முழுசாக இருக்கிற இரண்டு எங்கே என்று எனக்குத் தெரியும். கூரையைப் பிரித்தால் அறையே போய்விடும். ரஃபல் வந்தால் எங்கே உட்கார வைப்பேன்? அறை இருந்தால் அவள் வர வண்டி நிற்காது. வண்டி நின்றால் அவளுக்கு அறை இருக்காது. இது என்ன கணக்கு? நோன்புக்குப் பதினாறு நாள் இருக்கிறது. நோன்பு வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்—

சீ, என்ன மனுஷன் நான்.

ஏப்ரல் 26, வெள்ளி

தொழுகை முடிந்ததும் வந்தார்கள். எட்டுப் பேர். முன்னால் ஷிஹாப், பக்கத்தில் ஹம்தான். எல்லாரும் வெள்ளை உடுப்பு, தலைத்துண்டு, வாசனை. பெண் கேட்க வருகிறவர்கள் மாதிரி.

விருந்தறையில் உட்கார வைத்தேன். ஷிஹாப் சுவரைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல ரூமு. நீளம் எவ்ளோ?"

"அளக்கல."

"நான் அளந்துட்டேன், வர்றப்போ வெளிச்சுவத்தோட. சுவத்துக் கனத்தையும் சேத்துப் பன்னிரண்டு மீட்டர். ஒரு விரக்கட கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல."

"அப்படியா? ஆச்சரியமா இருக்கே."

"ஏன்டா, உன் வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க ஒட்டகத்த உள்ள கட்டிட்டா உக்காருவாங்க?"

ஹம்தான் வாயைப் பொத்திக்கொண்டான். நான் உள்பக்கம் பார்த்துக் கத்தினேன்: "உம் ரஃபல்! டீ கொண்டா! டீ!"

பதிலுக்கு ஒரு வாசனை வந்தது. ஏலக்காய். இப்போது வறுத்து இடித்துக் காய்ச்சியது அல்ல. காலையிலிருந்தே தணலில் கிடந்த காபி. அவர்கள் வருவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

கதவிடுக்கில் கூஜா வந்தது. கூடவே எட்டுக் கிண்ணம். எண்ணி எட்டு.

வீட்டுக்காரன் கையால்தான் ஊற்ற வேண்டும். என் கையாலேயே ஊற்றினேன். ஒருவர் பின் ஒருவராக வாங்கினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கீழே வைத்தார்கள். டொக், டொக், டொக். எட்டு முறை.

"என்ன வேணும்னு இன்னும் யாரும் சொல்லலயே" என்றேன்.

 ஷிஹாப் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். ஜிப்சத்தில் நீளமாக, நேர்கோடாக ஒரு விரிசல். பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையின் அகலம். இத்தனை நாள் அதன்கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

காபியில் ஆவி குறைந்துகொண்டே வந்தது. துக்கக் கூடாரம் ஞாபகம் வந்தது. உம் காஸிம் குனிந்து தண்ணீர் மொள்ளுவது ஞாபகம் வந்தது.

"குடிங்கடா. எடுத்துக்கோங்க" என்றேன்.

குடித்தார்கள். போதும் என்றால் கிண்ணத்தை ஆட்டிக் கொடுப்பது வழக்கம். ஷிஹாப் ஆட்டவில்லை. மூன்று கிண்ணம் குடித்தான், பாவி. என் வீட்டில் இப்படி ருசியான காபி குடித்ததே இல்லையாம்.

அவர்கள் போனதும் சமையல்கட்டுக்குப் போனேன்.

"வீட்டுல டீ இல்ல?"

"இருக்கு. அஞ்சு கிலோ இருக்கு."

"பின்ன?"

"எம் பொண்ணு அஞ்சு வருஷமா வரல."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம் இல்ல? ஒருத்தன் வந்து கிண்ணத்த வெச்சாத்தான் எனக்கு உறைக்குமா?

ஏப்ரல் 29, திங்கள்

கூரை பிரிக்க முதல் ஆளாகக் கப்பியோடும் சங்கிலியோடும் வந்தது ஷிஹாப். "எனக்குப் பாலம் போச்சு, உனக்குக் கூரை போச்சு. ஆடும் நீயும் ஒண்ணு" என்றான். இரண்டு வாரமாக அவன் ஆடுகள் சுற்றுவழியில் ஆறு கிலோமீட்டர் நடக்கின்றனவாம். இளைத்ததால் விலை போகவில்லையாம்.  அவன் கால்மேல் செங்கல் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

மாலைக்குள் இரண்டும் கீழே இறங்கின. பூச்சைச் சுரண்டிவிட்டுத் தட்டினேன். ஐம்பதில் இவைதான் நல்ல குரல். வெட்டாமல், மழைபடாமல் வைத்திருந்தவன் யார்? நான்தான். இதை உரக்கச் சொன்னேன். கூரை பிரிக்க வந்த பதினெட்டுப் பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஷைமாவும்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமாம்மா?"

"முதல் நாளே தெரியும் மாமா. இந்த ஊர்ல பாதி இடிஞ்ச வீட்டுக்கு இவ்ளோ நேரான கூரை வேற எங்கயும் இல்ல."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ரெண்டுதான் கெடச்சிருக்கும். சொல்லாததால நாப்பத்தெட்டு கெடச்சுது."

இந்தப் பெண் பெரிய இடத்துக்குப் போவாள்.

மே 5, ஞாயிறு

கடைசி போல்ட்டை நான் முடுக்கினேன். என் இரண்டையும் பிளாட்பாரத்துக்கு நேர் எதிரில், எதிரும் புதிருமாகப் போடச் சொன்னேன். ஷைமா மறுக்கவில்லை. நாளை நோன்பு.

மே 17, வெள்ளி

சரளை ஏற்றிவந்த வண்டி ஒன்று நிற்காமல் போயிற்று. ஓட்டுநர் கை காட்டினார். நான் இரண்டு கையும் காட்டினேன்.

ஜூன் 2, ஞாயிறு

வந்த நேரம்: 4.20. தாமதம்: இருபத்தைந்து நிமிடம். (ஐந்து வருடத்தை நான் கட்டத்தில் சேர்க்கவில்லை. இடமில்லை.)

ஸ்டேஷனுக்குக் கூரை இன்னும் இல்லை. ஊர் முழுக்க வெயிலில் நின்றது, நோன்பு வயிற்றோடு. உம் காஸிம் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. வண்டி மோசூலுக்குப் போக இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று எத்தனை சொன்னாலும், "நின்னுது பாத்தியா, அது போதும்" என்கிறாள். ஷிஹாப் தன் பழைய சிக்னல் கொடியை எங்கிருந்தோ கண்டுபிடித்து அதை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆட்டியதால்தான் வண்டி நின்றது என்று பேரன் காலத்திலும் சொல்வான்.

மூன்றாவது பெட்டியிலிருந்து அய்ஹம் இறங்கினான். மாட்டிக்கொண்ட முகம். பிறகு ரஃபல். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. நான் பக்கத்தில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு பெட்டி. பிறகு மறுபடி எண்ணினேன்.

வீட்டுக்கு வந்தோம். விருந்தறையில் நாலு சுவர், நடுவில் தூண்கள், மேலே வானம். சாஹிரா கம்பளம் விரித்து, தலையணைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. ரஃபல் வாசற்படியில் நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னப்பா இது! போன்ல காமிச்ச ரூமு எங்க?"

"அது மேலதாம்மா ஏறி வந்தே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சாஹிரா சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நோன்பு திறந்ததும் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். பாங்கு கேட்டது, பேரீச்சம்பழம் சாப்பிட்டோம், கதை முழுக்கச் சொன்னேன், காபி வந்தது. நான் கிண்ணத்தை வாங்கினேன். நாலு பேரும் என் கையையே பார்த்தார்கள், நோன்பு திறக்க வந்திருந்த ஷிஹாப் உள்பட.

குடித்தேன்.